நாலு சென்ட் தோட்டா காணாமல் போனது: அமெரிக்கத் தட்டுப்பாடு ஒன்றின் ஆய்வு

2012 கடைசி வரை அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் விலையைப் பார்க்காமலே கூடையில் போட்டுக்கொண்ட பொருள் பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா. 1887இலிருந்து புழக்கத்தில் இருப்பது. 500, 550 என்று மொத்தமாகக் கொட்டி அடைத்த பெட்டி ஏறக்குறைய 20 டாலர். ஒரு தோட்டா நாலு சென்ட் கணக்கு. அப்பா பிள்ளைக்கு முதன்முதலில் குறிபார்க்கக் கற்றுக்கொடுப்பது இதை வைத்துத்தான். சாரணர் முகாம்களிலும் 4-எச் என்ற கிராமப்புற இளையோர் மன்றங்களிலும் சிறுவர்கள் சுட்டுப் பழகுவது இதில்தான். அணில், முயல் வேட்டைக்கும் இது போதும். ராணுவத்தின் போர்த் தோட்டா இது இல்லை. போலீஸ்காரர் இடுப்பிலும் இது இருக்காது. அந்தச் சமயத்தில் பேசப்பட்ட எந்தத் தடை மசோதாவும் இந்தத் தோட்டாவைக் குறிவைக்கவில்லை.

அந்தத் தோட்டாதான் 2013 தொடக்கத்தில் கடை அலமாரிகளிலிருந்து மறைந்தது. ரைஃபிள் தோட்டாக்களும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் திரும்பி வந்துவிட்டன. இது மட்டும் 2016 வரை இழுத்தடித்தது. பீதியில் வாங்குவதும் கொள்ளை விலைக்கு விற்பதும் எப்படி ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை என்பது என் கருத்து. தடை வரும் என்ற பயம், அரசு வாங்கிக் குவிக்கிறது என்ற பேச்சு, மூலப்பொருள் பற்றாக்குறை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இந்தத் தோட்டாவுக்குப் பொருந்தவில்லை. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது, பயந்து வாங்கியவரும் அந்தப் பயத்தைக் காசாக்கியவரும்தான்.

டிசம்பர் 14க்குப் பிறகு

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். குழந்தைகள் எல்லோரும் ஆறு, ஏழு வயதுக்காரர்கள். நாடு அழுதுகொண்டிருந்த அதே நாட்களில் துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. எழுதவே மனம் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். புதிய கட்டுப்பாடு வரப்போகிறது, அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம்.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை எஃப்.பி.ஐ. சரிபார்க்கும். ஒரு சரிபார்ப்பு என்றால் ஒரு விற்பனை என்று கணக்கு வைக்க முடியாது. ஆனாலும் சந்தையின் சூட்டை அளக்க வேறு நல்ல கருவி இல்லை. 2008 நவம்பரில், ஒபாமா முதன்முறை வென்ற மாதத்தில், சரிபார்ப்புகள் 15.3 லட்சம். 2012 டிசம்பரில் 27.8 லட்சம். அதுவரை எந்த மாதமும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

பயத்துக்கு ஓரளவு அடிப்படை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 ஜனவரி 15 அன்று நியூயார்க் மாநிலம் புதிய சட்டம் கொண்டுவந்தது. மறுநாள் ஒபாமா 23 நிர்வாக நடவடிக்கைகளை அறிவித்து, ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கும் பெரிய மேகஸின்களுக்கும் (தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கியில் செருகும் உறைகள்) தடை விதிக்கச் சொல்லி காங்கிரஸைக் கேட்டார். கொலராடோ மார்ச்சில் மேகஸினுக்கு 15 தோட்டா என்று வரம்பு வைத்தது. எனவே மேகஸின் வாங்க ஓடியவரைப் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் பயந்த பொருளுக்கு உண்மையிலேயே தடை பேசப்பட்டது.

ஆனால் ஏப்ரல் 17 அன்று செனட்டில் எல்லாம் தோற்றது. பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்கும் திருத்தத்துக்கு 54 வாக்கு கிடைத்தும், தேவைப்பட்ட 60ஐ எட்டவில்லை. துப்பாக்கித் தடைக்கு 40 வாக்குதான். மத்தியச் சட்டம் வரும் என்ற பயம் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். பாயிண்ட் 22 தட்டுப்பாடு அதற்குப் பிறகுதான் இறுகியது.

இதற்கு 2009இன் நினைவு ஒரு காரணம். ஒபாமா பதவியேற்ற ஆண்டிலும் தோட்டாக்கள் கிடைக்காமல் போயின. குறிப்பாக பாயிண்ட் 380 என்ற கைத்துப்பாக்கித் தோட்டா. 2008இல் ரூகர் நிறுவனம் எல்.சி.பி. என்ற சட்டைப்பைக் கைத்துப்பாக்கியை இறக்கி, அது அமோகமாக விற்றிருந்தது. அதற்கான தோட்டாவோ கடையில் இல்லை. அன்று ஏமாந்தவர்கள் ஒரு பாடம் கற்றார்கள்: தேவை வந்தபோது வாங்கலாம் என்று இருந்தால் கிடைக்காது, கண்ணில் பட்டபோதே எடுத்துவிட வேண்டும். 2013இல் அத்தனை பேரும் அந்தப் பாடத்தை ஒரே சமயத்தில் நடைமுறைப்படுத்தினார்கள்.

மலிவாக இருந்ததே வினையானது

இந்தத் தோட்டா ஏன் இவ்வளவு நாள் திரும்பவில்லை என்பதற்கு விடை அதன் மலிவில் இருக்கிறது. ஆயிரம் 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டா பதுக்க வேண்டுமானால் சில நூறு டாலர் வேண்டும். வீட்டில் கேள்வி வரும். ஐநூறு பாயிண்ட் 22 தோட்டா எடுத்துவைக்க 20 டாலர் போதும். கெட்டுப்போகாது, இடம் அடைக்காது, அலமாரி மூலையில் பல வருடம் கிடந்தாலும் சுடும். முன்பு மாதம் ஒரு பெட்டி வாங்கியவர், கடையில் கண்டபோதெல்லாம் மூன்று பெட்டி வாங்க ஆரம்பித்தார். சுடுவதற்கு இல்லை. வைத்துக்கொள்வதற்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடிப் பேர் ஆளுக்கு ஒரே ஒரு 500 தோட்டாப் பெட்டி கூடுதலாக எடுத்துவைக்க முடிவு செய்தால் 500 கோடி தோட்டா வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்கள் இரவு பகலாக ஓடினாலும் அதை ஈடுகட்டப் பல மாதங்கள் பிடிக்கும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு கோடியைப் போலப் பல மடங்கு உள்ள நாடு அது. இதில் ஒருவரைக்கூடத் தனியாகப் பார்த்தால் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது. ஒரு பெட்டி கூடுதல், அவ்வளவுதான் அவர் செய்தது.

வரிசையில் நின்றவர்கள்

வால்மார்ட் 2013 ஜனவரியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிக்கு மேல் கிடையாது என்று வரம்பு வைத்தது. விலையைப் பெரிதாக ஏற்றவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. சரக்கு லாரி எந்தக் கிழமை வரும், எத்தனை மணிக்கு அலமாரியில் அடுக்குவார்கள் என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் விடியலிலேயே கடைவாசலில் நின்றார்கள். மனைவி, மகன், மச்சான் என்று ஆள் கூட்டி வந்து தலைக்கு மூன்று எடுத்தார்கள். அடுத்த ஊர்க் கடைக்கும் போனார்கள். வார இறுதியில் அதே பெட்டிகள் துப்பாக்கிச் சந்தை மேசைகளிலும் இணைய ஏல தளங்களிலும் 50, 60, 80 டாலருக்குக் கிடைத்தன. ரிலீஸ் அன்று தியேட்டர் கவுன்டர் டிக்கெட்டை எல்லாம் வளைத்துப் பிடித்து வெளியே பிளாக்கில் விற்பவரை நாம் பார்த்திருக்கிறோமே, அதே தொழில்தான். ஒரு வித்தியாசம், பிளாக் டிக்கெட்டுக்காரரை போலீஸ் பிடிக்கலாம். தோட்டாவை இப்படி மறுவிற்பனை செய்தவர்மேல் பெரும்பாலான மாநிலங்களில் கைவைக்க எந்தச் சட்டமும் இல்லை.

இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொன்றும் விளக்க வேண்டும். அங்கே பெட்டியின் மேல் எம்.ஆர்.பி. அச்சிடுவது கிடையாது. தயாரிப்பாளர் சொல்லும் விலை ஒரு யோசனை மட்டுமே. கடைக்காரர் அதற்குக் கீழேயும் விற்கலாம், மூன்று மடங்குக்கு மேலேயும் விற்கலாம்.

யாருக்கு இழப்பு என்று பார்ப்போம். வார நாளில் காலை ஆறு மணிக்குக் கடைவாசலில் நிற்க யாரால் முடியும்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரால் முடியும். மறுவிற்பனையையே வேலையாக வைத்திருப்பவரால் முடியும். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவரால் முடியாது. சனிக்கிழமை பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போகும் பயிற்சியாளரால் முடியாது. அவர்கள்தான் சந்தை மேசையில் மூன்று மடங்கு கொடுத்தார்கள், அல்லது சுடுவதையே விட்டார்கள். வால்மார்ட் ஏற்றாத விலை காணாமல் போய்விடவில்லை. அது வரிசையில் முதலில் நின்றவர் பைக்குள் போனது. தொழிற்சாலைகளும் இந்தக் காலத்தில் விலையைக் கூட்டத்தான் செய்தன, ஆனால் மூன்று மடங்காக அல்ல. லாபத்தின் பெரும்பகுதி தோட்டா செய்தவருக்கும் போகவில்லை, உரிமம் எடுத்துக் கடை நடத்தியவருக்கும் போகவில்லை.

சிறு கடைக்காரரின் சங்கடம்

கொள்ளை விலை என்று எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம். சின்ன ஊரில் துப்பாக்கிக் கடை நடத்துபவரிடம் இருபது பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய விலையில் விற்றால் ஒரு காலைப்பொழுதில் தீர்ந்துவிடும். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று மொத்த விற்பனையாளர் சொல்லமாட்டார். வந்தால் விலை கூடியிருக்கும். வாடகையும் ஆள் சம்பளமும் காலி அலமாரியைப் பார்த்து நிற்காது. அவர் அடுத்த கொள்முதல் விலையை மனதில் வைத்து இன்றைய விலையைக் கொஞ்சம் ஏற்றினால் அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பெரிய இணையக் கடைகள் சில செய்தது அந்த வகை இல்லை. சாண்டி ஹூக் நடந்த சில நாட்களிலேயே, கிடங்கில் ஏற்கெனவே பழைய விலைக்கு வாங்கி வைத்திருந்த 15 டாலர் மேகஸின்களின் விலை பல மடங்கு ஏறியது. பழைய விலையில் உறுதியான ஆர்டர்களை ரத்து செய்துவிட்டு அதே பொருளைப் புது விலையில் ஏற்றினார்கள் என்றும் புகார்கள் கிளம்பின. புதிய செலவு எதுவும் சேரவில்லை, வாங்குபவரின் பயம் மட்டுமே சேர்ந்தது. இதைத்தான் நான் கொள்ளை விலை என்பேன்.

மக்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்கிறார்கள். கனேமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. ஒரு கடை பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்கிறது. பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை 20 டாலர் ஆக்குகிறது. இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கொள்முதல் செலவு ஏறியதால் விற்கும் விலையை ஏற்றுவதையோ பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். பொருளாதாரப் பாடம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லும். வாடிக்கையாளர் அப்படிப் பார்ப்பதில்லை. 2012இல் விலை ஏற்றிய இணையக் கடைகளின் பெயரைச் சொல்லிப் பல வருடங்களுக்குப் பிறகும் வாங்க மறுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அரசு வாங்கிவிட்டது என்ற வதந்தி

தட்டுப்பாடு என்றாலே யாரோ எங்கோ பதுக்குகிறார்கள் என்ற பேச்சு எழும். 2013இல் அந்தப் பழி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மேல் விழுந்தது. அந்தத் துறை 160 கோடி தோட்டா வாங்குகிறது, மக்களுக்குக் கிடைக்காமல் செய்வதே நோக்கம் என்று பரவியது. எண் வானத்திலிருந்து விழவில்லை. அரசு ஒப்பந்தங்களில் ஐந்தாண்டில் அதிகபட்சம் இவ்வளவு வரை வாங்கலாம் என்று ஒரு உச்சவரம்பு எழுதுவார்கள். 2012 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் மட்டும் பாயிண்ட் 40 தோட்டா 45 கோடி வரை என்று இருந்தது. இத்தகைய உச்சவரம்புகளையெல்லாம் கூட்டி, வாங்கியாகிவிட்ட கணக்குப்போலச் சொன்னார்கள்.

விஷயம் காங்கிரஸ் வரை போனது. 2013 ஏப்ரலில் விசாரணை நடந்தது. அரசின் தோட்டாக் கொள்முதலுக்கு வரம்பு போடும் மசோதாவும் வந்தது. பிறகு அரசுப் பொறுப்புக் கணக்காய்வு அலுவலகம் கணக்கைப் புரட்டி 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2013 நிதியாண்டில் அந்தத் துறை வாங்கியது 8.4 கோடி தோட்டா. முந்தைய ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டையும்விடக் குறைவு. துப்பாக்கி ஏந்தும் அலுவலர்கள் 70,000 பேருக்கு மேல் உள்ள துறை அது. தவிர, மத்திய ஏஜென்ட் எவரும் பாயிண்ட் 22 கொண்டு திரிவதில்லை. அந்தக் கொள்முதலால் பாயிண்ட் 22 பெட்டி ஏன் மறைய வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு.

அடுத்து ஈயம். மிசௌரி மாநிலம் ஹெர்குலேனியத்தில் இருந்த டோ ரன் உருக்காலை 2013 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அமெரிக்காவில் தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் எடுத்த கடைசி ஆலை அதுதான். உடனே, பின்வாசல் வழியாகத் தோட்டாவுக்குத் தடை என்று பேச்சு. தோட்டாத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது பழைய பேட்டரிகளை உருக்கி எடுக்கும் மறுசுழற்சி ஈயத்தை. அந்த ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இந்த வதந்திகளை நான் வேடிக்கைக் கதையாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் இன்னும் சில லட்சம் பேரைக் கடைக்கு அனுப்பியிருக்கும். மூன்று மடங்கு விலைக்கு விற்றவர் தன் மேசைமேல் எழுதி வைக்காத விளம்பரம் அது. காலி அலமாரி வதந்திக்குச் சாட்சியாக நின்றது, வதந்தி அலமாரியைக் காலியாக்கியது.

உண்மையில் அரசு தரப்பிலிருந்தே ஒரு பீதி கிளம்பியதும் உண்டு. 2015 பிப்ரவரி 13 அன்று துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்., பச்சை முனை கொண்ட எம்855 ரைஃபிள் தோட்டாவைத் தடைசெய்யும் யோசனையை வெளியிட்டது. அந்தத் தோட்டா சில நாட்களில் காலியானது, விலை எகிறியது. 80,000க்கு மேற்பட்ட கருத்துக் கடிதங்கள் குவிந்தன. மார்ச் 10 அன்று யோசனையைக் கைவிட்டார்கள். ஒரு மாதம்கூட நிலைக்காத ஒரு யோசனை, எத்தனையோ பேரிடம் வருடக்கணக்கில் கிடக்கும் பெட்டிகளை விட்டுச்சென்றது.

தொழிற்சாலை ஏன் ஓடி வரவில்லை

விலை ஏறினால் லாபம் தெரியும், லாபம் தெரிந்தால் புதிய உற்பத்தி வரும், எனவே விலையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது பாடப்புத்தக வாதம். நீண்ட காலத்துக்கு அது சரி. இந்த நிகழ்வில் அது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டும்.

பாயிண்ட் 22 ரிம்ஃபயர் வகை. மற்றத் தோட்டாக்களில் பற்றவைக்கும் பிரைமர் தனி உறுப்பாக அடியில் இருக்கும். இதில் அந்த வெடிக்கலவையை ஈரமாகவே கூட்டுக்குள் வைத்து, சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். காய்ந்தால் சிறு உராய்விலேயே வெடிக்கும் சரக்கு. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டும், தனிப் பாதுகாப்பு வேண்டும், பழகிய கைகள் வேண்டும். 9 எம்.எம். இயந்திரத்தைத் திருப்பி இதைச் செய்ய முடியாது. காலிக் கூட்டைப் பொறுக்கி வீட்டில் மறுபடி நிரப்பவும் முடியாது; மற்ற ரகங்களில் தட்டுப்பாட்டைச் சற்றுத் தணித்தது அந்த மறுநிரப்பல்தான். அமெரிக்காவில் இதைப் பெருமளவில் செய்தவை ஐடஹோவின் லூயிஸ்டனில் சி.சி.ஐ., மினசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், ஆர்கன்சாஸின் லோனோக்கில் ரெமிங்டன், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் வின்செஸ்டர். அவ்வளவுதான். இருக்கிற இயந்திரங்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஓடின. புதிய வரிசை போடப் பல கோடி டாலர் வேண்டும், ஓராண்டுக்கு மேல் ஆகும். அப்படியே முதலீடு செய்தாலும் ஒரு தோட்டாவுக்கு மிகக் குறைந்த லாபம் தரும் பாயிண்ட் 22க்கா முதலில் செய்வார்கள்?

பீதி ஒருநாள் தணியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தணிந்தது. 2016 நவம்பரில் டிரம்ப் வென்றார். தடை பயம் போனது. மறுநாளே துப்பாக்கி நிறுவனங்களின் பங்குகள் கடுமையாகச் சரிந்தன. அடுத்த இரண்டு மூன்று வருடம் கிடங்குகளில் சரக்கு தேங்கியது. பாயிண்ட் 22 மறுபடி நாலைந்து சென்ட்டுக்கு வந்தது. பன்னிரண்டு சென்ட் கொடுத்துப் பதுக்கியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 2018 மார்ச்சில் இரு நூற்றாண்டுப் பழமையான ரெமிங்டன் திவால் பாதுகாப்பு கேட்டது. பீதிக்காலத் தேவையை நம்பி விரிவாக்கியவர் என்ன ஆவார் என்பதற்குத் தொழில்துறை கண்ட சான்று அது.

சட்டம் எங்கே நின்றது

அமெரிக்காவில் கொள்ளை விலைக்கு எதிராக மத்தியச் சட்டம் எதுவும் பொதுவாக இல்லை, மாநிலச் சட்டங்கள்தான். நியூயார்க் 1979இல் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் நெருக்கடி நிலை அறிவித்த பிறகு குறிப்பிட்ட பொருட்களின் விலையை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது குற்றம். ஆனால் பெரும்பாலும் இவை நெருக்கடி நிலை அறிவித்தால்தான் உயிர்பெறும். 2013இல் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை; யாரும் எதையும் அறிவிக்கவில்லை. பட்டியல்களில் உணவு, எரிபொருள், மருந்து, கட்டுமானப் பொருள் என்று இருக்கும். தோட்டா இருக்காது. டெக்சஸ் சட்டத்தில் “வேறு அத்தியாவசியப் பொருள்” என்று ஒரு வால் உண்டு; தோட்டா அதில் வருமா என்பது வழக்காடித்தான் தெரிய வேண்டிய விஷயம்.

2020இல் இந்த இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கோவிட் நெருக்கடி நாடு முழுவதும் அறிவிக்கப்பட்டது. மார்ச் 28 அன்று மத்திய இணையப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்கள், சுடுதளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன. கடை திறந்திருக்க வேண்டிய அளவுக்கு அத்தியாவசியம். விலையைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அத்தியாவசியம் இல்லை. அதே மார்ச்சில் டென்னசியில் இருவர் சானிடைசரை வாங்கிக் குவித்து இணையத்தில் விற்றதும், 17,700 புட்டி விற்காமல் அவர்களிடம் தேங்கியதும் செய்தியாக வெளியானதும் மாநில அரசு விசாரணை தொடங்கியது. சரக்கைத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். 9 எம்.எம். தோட்டாவை அதேபோல் வாங்கிக் குவித்து நாலு மடங்குக்கு விற்றவருக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

இரண்டாவது சுற்று

2020 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் எலும்புக்கூடு 2013இல் பார்த்ததுதான். ஒரு பெரிய வித்தியாசம், இம்முறை பயம் சட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. நோய், ஊரடங்கு, போலீஸ்காரர் ஒருவர் ஜார்ஜ் ஃப்ளாய்டைக் கொன்றபின் எழுந்த கொந்தளிப்பு, தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில். எஃப்.பி.ஐ. சரிபார்ப்பு 2019இல் 2.84 கோடி; 2020இல் 3.97 கோடி. முதல்முறை துப்பாக்கி வாங்கியவர்கள் பெருந்திரளாக வந்தார்கள். ஃபெடரல் நிறுவனத் தலைவர் ஜேசன் வாண்டர்பிரிங்க் அந்த ஆண்டின் கடைசியில் ஒரு காணொளியில் போட்டுக்காட்டிய கணக்கு: புதியவர்கள் 70 லட்சம் பேர், ஆளுக்கு ஐம்பது தோட்டாப் பெட்டி இரண்டு வாங்கினால் 70 கோடி தோட்டா. நாங்கள் எங்கும் பதுக்கவில்லை என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. திட்டிக் கடிதங்கள் அவ்வளவு வந்தன.

சரக்கு வரும் வழிகளோ முன்னைவிடக் குறுகியிருந்தன. 2019 ஆகஸ்டில் எல் பாசோ வால்மார்ட்டுக்குள் நடந்த படுகொலைக்குப் பிறகு, அந்த நிறுவனம் கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் பாயிண்ட் 223 போன்ற ரைஃபிள் தோட்டாக்களையும் விற்பதை நிறுத்துவதாக செப்டம்பரில் அறிவித்தது. தோட்டாச் சந்தையில் தன் பங்கு 20 சதவீதத்திலிருந்து 6 முதல் 9 சதவீதமாகக் குறையும் என்று அதுவே சொன்னது. அந்த முடிவின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாடு முழுவதும் மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் விலை அந்த அலமாரியில்தான் இருந்தது. ரெமிங்டன் 2020 ஜூலையில் இரண்டாம் முறை திவாலானது. வாங்க ஆள் குவிந்து நின்ற நேரத்தில் லோனோக் ஆலை முழு வேகத்தில் ஓடவில்லை. அக்டோபரில் விஸ்டா அவுட்டோர் நிறுவனம் அதன் தோட்டாத் தொழிலை 8.14 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபெடரலும் சி.சி.ஐ.யும் ஏற்கெனவே அதனிடம்தான்.

20 சென்ட்டுக்கும் கீழே கிடைத்த 9 எம்.எம். 2021 தொடக்கத்தில் 70, 80 சென்ட். சில இடங்களில் ஒரு டாலர். ஆயிரம் பிரைமர் 30 டாலரில் இருந்தது, தனியார் விற்பனையில் 100, 200 டாலர். இம்முறை தயாரிப்பாளர்களும் ஏற்றினார்கள். வின்செஸ்டர் பிரிவில் ஓலின் நிறுவனத்தின் ஆண்டு லாபம் 2019இல் 4 கோடி டாலர் அளவில் இருந்தது, 2021இல் 40 கோடி டாலரைத் தாண்டியது. 2013இல் மறுவிற்பனையாளருக்குப் போன பணத்தில் ஒரு பகுதி இம்முறை ஆலைக்குத் திரும்பியது என்று இதைப் படிக்கலாம். அதனால் வாங்குபவருக்கு விலை குறைந்துவிடவில்லை.

எது வேலை செய்தது

விலையைப் பழைய இடத்திலேயே வைத்து, எண்ணிக்கைக்கு வரம்பு போட்டால் மறுவிற்பனையாளர் கொழுக்கிறார். விலையை இஷ்டத்துக்கு ஏற விட்டால், குறுகிய காலத்தில் உற்பத்தி கூடாததால், காசு கை மாறுவது மட்டும்தான் நடக்கிறது. இரண்டு சுற்றிலும் இதைப் பார்த்தோம். இந்த இரண்டுக்கும் நடுவில் சில கடைகளும் சுடுதளங்களும் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதை எவரும் போதிய அளவு பாராட்டவில்லை.

சுடுதளங்கள் பல, தோட்டாவை அங்கேயே சுடுவதற்கு மட்டும் விற்றன. பெட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாது. சுடும் இடத்துக்கு வாடகை கொடுத்தவருக்கு ஒன்றோ இரண்டோ பெட்டி, சற்றே ஏற்றிய விலையில். துப்பாக்கிக் கடைகள் சில, தங்களிடம் துப்பாக்கி வாங்குபவருக்கென்று அந்த ரகத் தோட்டாவைத் தனியே ஒதுக்கி வைத்தன. முதல் துப்பாக்கி வாங்கிய பெண் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகாமல் இருக்க. பயன்பாட்டோடு விற்பனையைக் கட்டிவிட்டதால் பெட்டியைச் சந்தை மேசைக்குக் கொண்டுபோவது கடினமாயிற்று. பதுக்க நினைப்பவருக்கு அங்கே வேலை இல்லை. பயிற்சிக்கு வந்தவருக்கு ஐம்பது தோட்டா நிச்சயம். கடைக்காரருக்கும் அடுத்த கொள்முதலுக்கு வேண்டிய லாபம் வந்தது. இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. தன் வாடிக்கையாளர் முகம் தெரிந்த கடைக்காரர் போதும். இணையத்தில் விற்பவரால் இதைச் செய்ய முடியாது என்பது இதன் எல்லை.

2022, 2023இல் விலைகள் இறங்கின. 9 எம்.எம். 2021 உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது; பாயிண்ட் 22 பெட்டிகள் அலமாரிகளில் மறுபடி அடுக்கப்பட்டன. பிரைமர் மட்டும் பழைய 30 டாலருக்குத் திரும்பவில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவை விட்டுப் போன வால்மார்ட்டும் திரும்பவில்லை.